தீ வைத்தவன் ஏற வேண்டும்

மேஸ்திரி ஆனதும் பச்சியப்பன் முதலில் வாங்கியது ஓர் ஊதல். அடுத்தது ஒரு ஜோடி செருப்பு. இரண்டையும் பென்னாகரம் சந்தையில் வாங்கினான். ஊதல் கறுப்புக் கயிற்றில் கழுத்தில் தொங்கியது. செருப்பு முள்ளுக்கு என்று சொல்லிக்கொண்டான். காட்டிலேயே பிறந்து வளர்ந்த காலுக்கு நேற்றுவரை குத்தாத முள் இன்றைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. மேஸ்திரியிடம் அதையெல்லாம் கேட்பார்களா?

அது சண்டைக் காலம். எங்கோ கடலுக்கு அப்பால் நடந்த சண்டைக்குப் பெட்ரோல் எல்லாம் போய்விட்டது. தர்மபுரிக்கும் பென்னாகரத்துக்கும் ஓடிய பஸ்கள் முதுகில் பெரிய இரும்பு உருளையைக் கட்டிக்கொண்டு, அதில் கரியைக் கொட்டி எரித்து, அந்தப் புகையில் இருமிக்கொண்டே ஓடின. மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ளினார்கள். டிக்கெட் வாங்கியும் தள்ள வேண்டியிருக்கிறதே என்று திட்டிக்கொண்டே தள்ளினார்கள். எப்படியோ பஸ் ஓட வேண்டும், அதற்குக் கரி வேண்டும். காண்ட்ராக்டர் குப்புராஜ், ஒகேனக்கல் போகிற பாதையை ஒட்டிய காட்டில் கரி சுட ஏலம் எடுத்தார். சுற்றுப்பட்டுக் குடும்பங்கள் அங்கே கூலிக்குப் போயின.

கரி சுடுவது லேசான வேலை இல்லை. வேலங்கட்டைகளை வட்டமாக, ஆளுயரத்துக்கு மேல் அடுக்க வேண்டும். மேலே தழை போட்டு, தழைமேல் ஈரமண் அப்பி மூட வேண்டும். அதற்கு மூட்டம் என்று பேர். உச்சியில் தீ வைத்தால் உள்ளுக்குள் நாள்கணக்கில் கனியும். கனியக் கனியக் கட்டை சுருங்கும், மேல்மண் உள்வாங்கி வெடிக்கும். வெடிப்பு வழியாகக் காற்றுப் போனால் தீப்பிடித்து அத்தனையும் சாம்பல். ஆகவே யாராவது மேலே ஏறி, வெடித்த இடத்தில் மண்ணைப் போட்டு, திமிசுக்கட்டையால் அடித்து இறுக்க வேண்டும். காலுக்குக் கீழே நெருப்பு, நடுவில் ஒரு சாண் கனத்துக்கு மண். அவ்வளவுதான்.

அதனால் அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மூட்டத்துக்குத் தீ வைத்தவன்தான் மேலே ஏற வேண்டும். தீ வைப்பது மேஸ்திரி. முதல்நாளே கறி, மீன் தொடாமல் விரதம் இருந்து, முனியப்பனைக் கும்பிட்டுத் தீ வைப்பான். அவன் ஏறும்போது மற்றவர்கள் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு வந்து, தீயை அமுக்க ஈரச்சாக்கும், மண் நெகிழ்ந்தால் குறுக்கே போட்டு நிற்க ஏணியுமாக மூட்டத்தைச் சுற்றி நிற்பார்கள். முன்னால் மேஸ்திரியாக இருந்த கரியன் காலத்தில் அப்படித்தான் நடந்தது. கரியன் விட்டுவிட்டு வரும் முறைக்காய்ச்சலில் விழுந்து மகள் ஊருக்குப் போய்விட்டான். அந்த இடத்துக்குத்தான் பச்சியப்பன் வந்தான்.

பச்சியப்பனைக் குறை சொல்வதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவன் கெட்டிக்காரன். கரியன் இருந்தபோது எல்லோரும் எல்லா வேலைக்கும் ஓடுவார்கள், பாதிப் பொழுது பேச்சிலும் சிரிப்பிலும் போகும். பச்சியப்பன் ஆட்களைப் பிரித்தான். வெட்டுகிறவர்கள் வெட்டினார்கள், அடுக்குகிறவர்கள் அடுக்கினார்கள், பெண்கள் மண்ணும் தண்ணீரும் சுமந்தார்கள். குட்டை ஊதல் ஊதினால் வேலை ஆரம்பம். நீள ஊதல் ஊதினால் கஞ்சி. கஞ்சிப் பானையடியில்கூட வரிசைதான். கரி கூடிற்று, ஆட்களுக்குள் சண்டை குறைந்தது. குப்புராஜ் வந்து பார்த்துவிட்டு அவன் முதுகில் தட்டினார்.

"ஆளுங்கள மேய்க்கத் தெரிஞ்சவன்டா நீ," என்றார்.

அந்தச் சொல்லைப் பச்சியப்பன் வீட்டுக்கு எடுத்துப்போய் மனைவி ராமக்காளிடம் சொன்னான். "ஆடு மேய்க்கறாப்பலயா?" என்று அவள் களி கிண்டிக்கொண்டே கேட்டாள். அவனுக்குக் கோபம் வந்தது.

மூட்டத்தைச் சுற்றி எல்லோரும் வந்து நிற்கும் வழக்கத்தையும் அவன்தான் நிறுத்தினான். "ஒருத்தன் ஏறறதுக்கு ஊரே வாயப் பொளந்துக்கினு நிக்கணுமா? அவங்கவங்க எடத்துல அவங்கவங்க வேலையப் பாருங்க," என்றான். ஏறப்போவது அவன்தானே, அவனே வேண்டாம் என்றால் யார் என்ன சொல்வது? அப்படியே விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பின் ஒரு மூட்டத்தில் அவன் தனியாக மேலே நின்று அடித்துக்கொண்டிருந்தபோது இடது கால் கணுக்கால்வரை உள்ளே போனது. நொடிதான். வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். ஒன்றும் ஆகவில்லை, தோல்கூடச் சுடவில்லை. ஆனால் அந்த மண் காலடியில் நெகிழ்ந்து கொடுத்ததே, அது அவன் உடம்பை விட்டுப் போகவில்லை. சோறு தின்னும்போது நினைவு வந்தது. நடக்கும்போது நினைவு வந்தது. யாரும் பார்க்காதது நல்லதாகப் போயிற்று என்று இறங்கிவந்தவன், மறுசந்தையிலேயே அந்தச் செருப்பை வாங்கினான். மூட்டத்தில் வெறுங்காலோடுதான் ஏறுவார்கள்; செருப்புப் போட்டவன் ஏற மாட்டான்.

ஆனால் வழக்கம் இருக்கிறதே? தீ வைத்தால் ஏறத்தான் வேண்டும். பச்சியப்பன் யோசித்தான். ஆள் மேய்க்கிறவன் மூளை எங்கே போகும்? வழி கிடைத்தது.

அடுத்த மூட்டம் அடுக்கி முடிந்த அன்று, எல்லோர் முன்னாலும் மல்லையனைக் கூப்பிட்டான். மல்லையன் கட்டை அடுக்குகிறவன், பச்சியப்பனைவிடச் சில வயது இளையவன். அதிகம் பேச மாட்டான். அவனும் பச்சியப்பனும் ஒரே சட்டியில் கஞ்சி குடித்து வேலை செய்தவர்கள். முன்பெல்லாம் "அண்ணா" என்று கூப்பிட்டவன், ஊதல் வந்த பிறகு "மேஸ்திரி" என்றுதான் கூப்பிட்டான்.

"மல்லையா, எத்தினி நாளைக்கு நானே தீ வெக்கறது? இந்த மூட்டத்துக்கு நீ வெய்யி," என்று வெற்றிலை பாக்கோடு ஒரு புதுத்துண்டை அவன் தோளில் போட்டான்.

கூட்டம் சந்தோஷப்பட்டது. மேஸ்திரிக்கு என்ன பெரிய மனசு என்றார்கள். மல்லையனின் மனைவி தீர்த்தம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. மல்லையன் துண்டைத் தொட்டுப் பார்த்தான், பச்சியப்பனின் காலைப் பார்த்தான், பிறகு, "சரிங்க மேஸ்திரி," என்றான்.

அவன் ஏன் காலைப் பார்த்தான் என்று பச்சியப்பன் அப்போது யோசிக்கவில்லை. தப்பித்தோம் என்ற நினைப்பில் அவனுக்கு வேறெதுவும் ஓடவில்லை.

மல்லையன் தீ வைத்தான். உள்ளே கட்டை கனிந்து, வெள்ளைப் புகை நீலமாக மாறத் தொடங்கிய ஒரு காலையில் மூட்டம் ஒரு பக்கம் உள்வாங்கி வெடித்தது. மல்லையன் திமிசுக்கட்டையை எடுத்துக்கொண்டு ஏறினான். மற்றவர்கள் அவரவர் இடத்தில் அவரவர் வேலையில் இருந்தார்கள். வெட்டுகிறவர்கள் ஓடைக்கு அந்தப்புறம். பெண்கள் தண்ணீர்க்குழியில். மூட்டத்தடியில் பச்சியப்பன் மட்டும் செருப்போடு நின்று, கையை நீட்டி வழி சொன்னான்.

"இன்னும் கொஞ்சம் மேல போ. ஆ, அங்கதான்."

மல்லையன் ஓர் எட்டு வைத்துவிட்டு நின்றான்.

"மேஸ்திரி, இங்க மண்ணு நெகிழுதுங்க. ஏணியப் போட்டு நின்னுக்கலாங்களா?"

ஏணி பக்கத்து மூட்டத்தில் கிடந்தது. போய் எடுத்துவர வெகுநேரம் ஆகாது. ஆனால் அதற்குள் வெடிப்பில் தீப்பிடித்துவிடலாம். நெகிழுது என்றால் என்ன என்று அந்தக் காட்டிலேயே நன்றாகத் தெரிந்த ஆள் பச்சியப்பன்தான். தெரிந்துதான் சொன்னான்.

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாது. ரெண்டு அடி அடிச்சுட்டு எறங்கு."

மல்லையன் ஓர் அடி அடித்தான். இரண்டாவது அடிக்குக் கட்டையைத் தூக்கியபோது அவன் வலதுகால் முழங்காலுக்கு மேல்வரை உள்ளே போனது. புகையும் தீப்பொறியும் குப்பென்று கிளம்பின. அவன் கத்தினான்.

ஈரச்சாக்கு பச்சியப்பனின் காலடியிலேயே கிடந்தது. எடுத்துக்கொண்டு நாலு எட்டு ஏறினால் போதும். அவன் கால் அசையவில்லை. கைதான் அசைந்தது. கை போய் ஊதலை எடுத்தது, வாய் ஊதியது. மூச்சு உள்ளவரைக்கும் நீளமாக ஊதினான்.

நீள ஊதல் என்றால் கஞ்சி. ஓடைக்கு அந்தப்புறம் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கோடாலியை மரத்தில் சாய்த்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, இன்றைக்கு என்ன சீக்கிரமாகவே ஊதிவிட்டார் என்று பேசியபடி வரிசையாகக் கஞ்சிப் பானைக்குப் போனார்கள். பச்சியப்பன் மறுபடி ஊதினான். வருகிறோம் வருகிறோம் என்று அங்கிருந்து ஒருவன் கையைக் காட்டினான்.

கத்தலைக் கேட்டது தீர்த்தம்மாள்தான். தண்ணீர்க்குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். மேஸ்திரியை ஏறிட்டும் பார்க்காமல் அவன் காலடியில் கிடந்த சாக்கை உருவிக்கொண்டு ஏறி, மூட்டத்தின் மேல் குப்புறப் படுத்து, மல்லையனின் கக்கத்தில் கையைக் கொடுத்து இழுத்தாள். இழுத்துக்கொண்டே, "ஏணி!" என்று கத்தினாள். அந்த ஒரு சொல்லுக்குப் பச்சியப்பனின் கால் அசைந்தது. ஓடிப்போய் ஏணியைத் தூக்கிவந்தான். அவள் "தண்ணி!" என்றாள், தண்ணீர் கொண்டுவந்தான். அந்த நேரத்தில் அங்கே மேஸ்திரி யார் என்று கேட்டால் பச்சியப்பனே அவளைத்தான் காட்டியிருப்பான்.

ஆட்கள் ஓடிவந்து சேர்ந்தபோது மல்லையன் கீழே தழைமேல் கிடந்தான். முழங்காலுக்குக் கீழே பார்க்க முடியவில்லை. மாட்டுவண்டி பூட்டினார்கள். கூட்டத்தில் ஒருவன் பச்சியப்பனைப் பார்த்து, "எப்படிங்க மேஸ்திரி ஆச்சு? பக்கத்துலதான நின்னீங்க? ஏணி போடலியா?" என்று கேட்டான்.

பச்சியப்பன் வாயைத் திறந்தான். அதற்குள் வண்டியில் கிடந்த மல்லையன் பேசினான்.

"என் தப்புதான். வெரதத்துல மீனு தின்னுட்டேன். முனியப்பன் உடுவானா? மேஸ்திரி மேல ஒண்ணுமில்ல."

கூட்டம் ஆவென்றது. அடப்பாவி, மீன் தின்றுவிட்டா தீ வைத்தாய் என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். அதன் பிறகு ஏணியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பச்சியப்பனுக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. அப்பாடா என்று இருந்தது. ஒருவன் கால் வெந்து கிடக்கிறான், இவனுக்கு அப்பாடா என்று இருந்தது. இதை எழுதவே கூசுகிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

மல்லையன் தர்மபுரி ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் வேலை சுணங்கியது. முனியப்பன் கோபம் தீராமல் எவனும் மூட்டத்துப் பக்கம் போக மாட்டேன் என்றான். இதையும் பச்சியப்பன் திறமையாகத்தான் சமாளித்தான். தப்பு யார் வீட்டுதோ அந்த வீட்டிலிருந்து ஒரு சேவல் வர வேண்டும் என்று முடிவு சொன்னான். தீர்த்தம்மாள் வீட்டிலிருந்த ஒரே சேவலைக் கொண்டுவந்து விட்டாள். அதை முனியப்பனுக்கு அறுத்து, அங்கேயே ஆக்கினார்கள். மேஸ்திரி பங்கு என்று தொடைக்கறியைப் பச்சியப்பனின் இலையில் வைத்தார்கள். அவன் தின்றான். ருசியாகத்தான் இருந்தது.

மல்லையன் கோல் ஊன்றிக்கொண்டு ஊருக்குத் திரும்பினான். கால் இருந்தது, ஆனால் மடங்கவில்லை. சில நாள் கழித்துத் தீர்த்தம்மாள் பச்சியப்பனைத் தேடி மூட்டத்தடிக்கு வந்தாள்.

"ஒக்காந்து செய்யற வேல எதுனா குடுங்க அவருக்கு. வூட்டுல சும்மா இருக்க முடியலன்றாரு."

"அதுக்கென்ன, மூட்டைக்குக் கரி அள்ளட்டும்," என்றான் பச்சியப்பன். அதோடு விட்டிருக்கலாம். மேஸ்திரித்தனம் விடவில்லை. "எனக்கு அவன் மேல கோவமெல்லாம் இல்லம்மா. வெரதத்துல மீனு தின்னது தப்புதான். போவட்டும், நான் மறந்துட்டேன்," என்றான்.

தீர்த்தம்மாள் போகத் திரும்பியவள் நின்றாள்.

"எந்த மீனுங்க?"

"அவன்தான சொன்னான்..."

"அப்போ காவேரில செவப்பு வெள்ளம் பொரண்டு போச்சே? பரிசலுங்களயே கரையேத்திக் கவுத்துப் போட்டிருந்தாங்க. எவன் வல போட்டான், எவன் மீனு வித்தான்? அவரு அன்னிக்கி வெரதத்துல வெறுங்களி தின்னுட்டுத் தரையில படுத்தாரு. நாந்தான் ஆக்கிப் போட்டேன், எனக்குத் தெரியாதா?"

பச்சியப்பன் செருப்புக் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"முன்னாடி மூட்டத்துல உங்க காலு உள்ள போனத அவரு பாத்தாரு. மறுவாரமே செருப்பையும் பாத்தாரு. துண்ட வாங்கியாந்த அன்னிக்கி நான் சண்ட போட்டேன். அதுக்கு அவரு, மேஸ்திரிக்குப் பயம் வந்துட்டுதுன்னு வெளிய தெரிஞ்சா எவன் அவரு பேச்சக் கேப்பான், இத்தினி வூட்டுக் கஞ்சி அதுல இருக்குது, ஒரு மூட்டம் நான் ஏறறேன், அதுக்குள்ள அவரே தெளிஞ்சுடுவாருன்னாரு. வண்டியில கெடந்துக்கினு மீனுன்னாரே, அதுவும் அதுக்குத்தான்."

அவள் குரல் உயரவே இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"காலு போனத அவரு பொறுத்துக்கினாரு. நானும் பொறுத்துக்கினேன். எங்க சேவலக் கேட்டு வாங்கித் தின்னீங்க பாருங்க, அது மட்டும் எனக்கு ஆற மாட்டேங்குதுங்க."

அவள் போய்விட்டாள். பச்சியப்பன் அங்கேயே அடுக்கிய கட்டைமேல் உட்கார்ந்தான். வெட்கம் என்றால் இத்தனை நாள் அவனுக்கு ஏதோ முகம் சிவக்கிற சமாசாரம். இப்போது அந்தத் தொடைக்கறியின் ருசிதான் நினைவுக்கு வந்தது. கஞ்சி நேரம் தாண்டியும் ஊதவில்லை. ஊதல் வராததால் யாரும் வேலையை விட்டு எழுந்திருக்கவும் இல்லை. அதைப் பார்க்க இன்னும் அவமானமாக இருந்தது.

வீட்டில் ராமக்காளிடம் சொன்னான். அவள், "நம்ம சேவலப் புடிச்சுக்கினு போ," என்றாள்.

அடுத்த மூட்டத்துக்குத் தீ வைக்கிற நாளில் பச்சியப்பன் வெறுங்காலோடு போனான். முனியப்பன் முன்னால் சேவலை வைத்துக்கொண்டு, எல்லோரும் கேட்கச் சொன்னான்.

"மல்லையன் மீனு தின்னல. எனக்கு ஏறப் பயம். அதான் துண்டப் போட்டு அவன ஏத்தி உட்டேன். ஏணி கேட்டான், வேணாம்னேன். இது என் தப்புக்கு."

யாராவது திட்டியிருந்தால் தேவலை. காறித் துப்பியிருந்தால்கூடத் தேவலை. எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள், தலையைக் குனிந்துகொண்டார்கள், சேவல் அறுத்ததும் அவரவர் வேலைக்குப் போனார்கள். மேஸ்திரி பங்கைப் பச்சியப்பன் தீர்த்தம்மாளின் இலையில் வைத்தான். அவள் அதைத் தொடவில்லை.

மூட்டம் உள்வாங்கிய அன்று அவன் ஏறினான். பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். கால் வைக்கிற இடத்தையெல்லாம் திமிசுக்கட்டையால் குத்திப் பார்த்துப் பார்த்து ஏறினான். உச்சிக்குப் போய்க் கீழே பார்த்தான். மூட்டத்தைச் சுற்றி ஒரு ஆள் இல்லை. ஓடைக்கு அந்தப்புறம் கோடாலிச் சத்தம் கேட்டது. பெண்கள் தண்ணீர்க்குழியில் இருந்தார்கள். அவரவர் இடத்தில் அவரவர் வேலை. அவன் சொல்லிக்கொடுத்தபடிதான் இருந்தார்கள், யாரும் வஞ்சம் வைக்கவில்லை. கூப்பிடலாமா என்று நினைத்தான். எந்த வாயால் கூப்பிடுவது?

மண்ணைப் போட்டு ஓர் அடி அடித்தான். காலடி நெகிழ்ந்தது. அப்படியே உறைந்து நின்றான்.

கரி அள்ளும் இடத்தில் மல்லையன் கோலை ஊன்றி எழுந்திருப்பது தெரிந்தது. மடங்காத காலை இழுத்துக்கொண்டு வந்தான். வழியில் கிடந்த ஈரச்சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டான். ஏணியை ஒரு கையால் இழுத்துவந்து மூட்டத்தின் மேல் சாய்க்கப் பார்த்தான். அவனால் ஒற்றைக்கையால் அதைத் தூக்கி நிறுத்த முடியவில்லை என்பதைப் பார்த்த ஒருவன் கோடாலியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். அவனைப் பார்த்து இன்னொருவன் வந்தான். பெண்கள் வந்தார்கள். கடைசியாகத் தீர்த்தம்மாளும் குடத்தோடு வந்து நின்றாள். ஊதல் சத்தம் எதுவும் இல்லாமலே மூட்டத்தைச் சுற்றி எல்லோரும் வந்துவிட்டார்கள்.

அவர்கள் வந்தது யாரைப் பார்த்து என்று மேலே நின்றவனுக்கு நன்றாகத் தெரிந்தது.

"அந்தப் பக்கம் நெகிழுதுங்க," என்றான் மல்லையன் கீழேயிருந்து. "ஏணி மேல கால வெச்சு இப்படி வாங்கண்ணா."

இத்தனை காலம் கழித்து அவன் அண்ணா என்றான். பச்சியப்பன் அந்த முகத்தைப் பார்க்க முடியாமல், மண்ணில் ஊன்றியிருந்த கோலையே பார்த்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினான்.